தரையைத் தொட்டு ஓடும் கார்கள்



போன மாதம், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். நீளமான பழைய கார். பழுத்த நாவல்பழத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிவப்புத் தெரியுமே, அந்த நிறம். ஆனால் காரின் வயிறு ரோட்டில் படிந்து கிடந்தது. "டீச்சர், இந்தக் கார் ஏன் இப்படி இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேள்வி வேறு. வகுப்பில் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இப்போது பழி தீர்க்கிறார்கள்.

"நாலு டயரும் பஞ்சரா?" என்று எழுதினேன். சிரிப்புப் பொம்மை வந்தது. பின்னாலேயே ஒரு வீடியோ. அதே கார் சிக்னலில் நிற்கிறது. முதலில் முன்பக்கம் மெல்ல எழும்புகிறது, பிறகு பின்பக்கம். பச்சை விளக்கு விழுந்ததும் மாட்டுவண்டி வேகத்தில் நகர்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி, "பாட்டி, கார் எதுக்கு எந்திரிச்சுக் கும்புடுது?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

இந்தக் கார்களுக்கு லோரைடர் என்று பெயர். ஓட்டுகிறவருக்கும் அதே பெயர்தான். பிறந்த இடம் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி, முக்கியமாகத் தெற்குக் கலிபோர்னியா. பெற்றெடுத்தவர்கள் மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்கள்.

வரலாறு நடத்தும்போது வரைபடம் இல்லாமல் நான் பாடம் எடுத்ததில்லை. மனத்தில் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். கலிபோர்னியாவும் நியூ மெக்சிகோவும் 1848 வரை மெக்சிகோ நாட்டின் பகுதிகள். போரில் தோற்று, அந்த வருட உடன்படிக்கையில் மெக்சிகோ அவற்றை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் வீட்டை விட்டு அசையாமலே வேறு நாட்டில் இருந்தார்கள். பிறகு தோட்ட வேலைக்கும் ரயில்பாதை வேலைக்கும் மெக்சிகோவிலிருந்து இன்னும் பலர் வந்தார்கள். 1930களில் பெரும் பொருளாதார மந்தம் வந்தபோது, "எங்களுக்கே வேலை இல்லை, நீங்கள் திரும்பிப் போங்கள்" என்று லட்சக்கணக்கானோர் ரயில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள், அதிலும் நிறையப் பேர் குழந்தைகள். இலங்கை மலையகத்துத் தோட்டத் தொழிலாளர்களின் கதை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அந்தச் சமூகத்து இளைஞர்கள் 1940களில் ஓர் உடை உடுத்தினார்கள். முழங்கால் வரை தொங்கும் கோட்டு, தொடையில் அகன்று கணுக்காலில் இறுகும் பேன்ட், இடுப்பிலிருந்து தொங்கும் சங்கிலி. ஜூட் சூட் என்பார்கள். கறுப்பின இளைஞர்களும் அதை உடுத்தினார்கள். உலகப் போர்க்காலம், துணிக்குக் கட்டுப்பாடு. "நாடு போரில் இருக்கும்போது இவர்களுக்கு இவ்வளவு துணியா?" என்று பத்திரிகைகள் கிளப்பிவிட்டன. 1943 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் கடற்படைச் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக டாக்சிகளில் வந்து, ஜூட் சூட் போட்ட பையன்களைத் தியேட்டர்களிலிருந்தும் டிராம்களிலிருந்தும் இழுத்துப்போட்டு அடித்து, உடையை உரித்தெடுத்தார்கள். பல நாட்கள் இது நடந்தது. போலீஸ் கைது செய்ததில் பெரும்பாலோர் அடி வாங்கிய பையன்கள்.

காரைப் பற்றிச் சொல்ல வந்து கோட்டைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். அந்தக் கோட்டைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் காரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

போர் முடிந்தது. படையில் சேர்ந்து போரிட்ட மெக்சிகோ அமெரிக்க இளைஞர்களும் திரும்பி வந்தார்கள். கையில் கொஞ்சம் பணம், மெக்கானிக் வேலை தெரிந்த கைகள். புதுக் கார் வாங்க வசதியில்லை, ஆனால் பழைய கார் மலிவாகக் கிடைத்தது. அதே காலத்தில் வெள்ளைக்கார இளைஞர்கள் பழைய கார்களின் பாகங்களைக் கழற்றி எடை குறைத்து, இன்ஜினை மாற்றி, பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேகம்தான் எல்லாம். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பையன்கள் அதற்கு நேர் எதிராகப் போனார்கள். காரைத் தாழ்த்தினார்கள், அலங்கரித்தார்கள், முடிந்த அளவு மெதுவாக ஓட்டினார்கள். "தாழ்வாக, மெதுவாக" என்பதுதான் அவர்கள் ஸ்பானிஷ் மொழியில் சொல்லிக்கொள்ளும் சூத்திரம்.

மெதுவாக ஏன்? பார்ப்பதற்கும் பார்க்கப்படுவதற்கும். மெக்சிகோ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஊர் நடுச் சதுக்கத்தைச் சுற்றி இளைஞர்களும் பெண்களும் குடும்பங்களும் நல்ல உடை உடுத்தி நடப்பது பழைய வழக்கம். அந்த நடை அமெரிக்காவில் சக்கரம் முளைத்து விட்டியர் பூலவார்டு என்ற நீண்ட கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. சுற்றிச் சுற்றி வந்தார்கள். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நம் ஊரில் சாமியே அலங்காரம் செய்துகொண்டு நான்கு வீதியும் சுற்றித்தானே வருகிறார்! தேர் என்றைக்காவது வேகமாகப் போயிருக்கிறதா?

சரி, காரை எப்படித் தாழ்த்துவது? ஆரம்பத்தில் டிக்கியில் மணல் மூட்டையோ சிமென்ட் மூட்டையோ வைத்தார்கள். பின்பக்கம் இறங்கிவிடும். சனிக்கிழமை இரவு சுற்றிவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது மூட்டையை இறக்கிவிட்டால் கார் பழையபடி. எளிய மூளை, நல்ல மூளை.

அடுத்தபடி, சஸ்பென்ஷனில் கை வைத்தார்கள். காரின் உடம்பையும் சக்கரத்தையும் இணைக்கும் இடத்தில் ஸ்பிரிங் இருக்கிறது. குழியில் சக்கரம் இறங்கினாலும் நமக்கு அடி விழாமல் அதுதான் தாங்குகிறது. அந்தச் சுருளில் ஒன்றிரண்டு சுற்றை வெட்டிவிட்டால் கார் இறங்கும். சிலர் கேஸ் வெல்டிங் சுடரால் ஸ்பிரிங்கைப் பழுக்கக் காய்ச்சி, காரின் எடையிலேயே அமுங்கவிட்டார்கள். இதில் ஓர் இயற்பியல் இருக்கிறது. சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும். பேனா ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டி அமுக்கிப் பாருங்கள், தெரியும். ஆகவே தாழ்த்திய கார் முதுகெலும்பை உலுக்கும். காய்ச்சிய ஸ்பிரிங்கோ பதம் இழந்து எப்போது முறியும் என்று தெரியாது. அழகுக்காக இவ்வளவையும் பொறுத்துக்கொண்டார்கள்.

போலீசுக்கும் அரசுக்கும் பொறுக்கவில்லை. 1950களின் கடைசியில் கலிபோர்னியா வாகனச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது. இன்று அதன் எண் 24008. காரை அதன் அசல் அமைப்பிலிருந்து மாற்றி, சக்கரம் தவிர்ந்த எந்தப் பாகமாவது சக்கர ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்ந்திருக்குமாறு ஓட்டுவது குற்றம். சட்டத்தில் யார் பெயரும் இல்லை, எந்த இனமும் இல்லை. ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கக்கூடிய ஒரு விதி, அவ்வளவுதான். ஆனால் அளக்கப்பட்டவர்கள் யார் என்பதுதான் கேள்வி. காரை நிறுத்த ஒரு காரணம் கிடைத்துவிட்டால், நிறுத்தியபின் கேட்பதற்கு வேறு கேள்விகள் வரும். இப்படித்தான் அது நடந்தது என்று அந்த மக்கள் தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ரான் அகிரே என்ற தெற்குக் கலிபோர்னியா இளைஞரிடம் 1957ஆம் வருடத்து கார்வெட் கார் ஒன்று இருந்தது. தாழ்த்திய காருக்காக அபராதச் சீட்டுகள் வாங்கி அலுத்துப்போயிருந்தார். அவரும் அவருடைய அப்பாவும் சேர்ந்து யோசித்தார்கள். போர் முடிந்தபின் விமான உதிரிபாகங்கள் உபரிச் சரக்காக மலிவாக விற்பனைக்கு வந்திருந்தன. விமானத்தில் இறக்கைத் தட்டுகளை அசைக்க எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பம்புகளும் உருளைகளும் உண்டு. அவற்றை வாங்கிக் காரில் பொருத்தினார்கள். ஸ்விட்சைத் தட்டினால் கார் சட்டம் சொல்லும் உயரத்துக்கு எழும்பும். போலீஸ் போனபின் தட்டினால் இறங்கும். 1959 வாக்கில் இது ஓடத் தொடங்கிவிட்டது. எக்ஸ்-சோனிக் என்பது அந்தக் காரின் பெயர்.

சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போகவில்லை, மனு எழுதவில்லை. சட்டம் எந்த உயரம் கேட்டதோ அந்த உயரத்தை, அது கேட்கும் நேரத்தில் மட்டும் கொடுத்தார்கள்.

எப்படி வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். பாஸ்கல் விதி நினைவிருக்கிறதா? இல்லை என்பவர்கள் கடைசி பெஞ்ச். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் மேல் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். சர்வீஸ் ஸ்டேஷனில் காரைத் தூக்கும் மேடையும் ஜேசிபியின் கையும் இதே விதியில்தான் இயங்குகின்றன. லோரைடரில் ஒவ்வொரு சக்கரத்தின் ஸ்பிரிங் அருகிலும் ஓர் உருளை. டிக்கியில் மின்மோட்டார், பம்பு, எண்ணெய்த் தொட்டி, அதற்கு மின்சாரம் தர வரிசையாகப் பல பேட்டரிகள். ஸ்விட்சைப் போட்டால் பம்பு எண்ணெயை உருளைக்குள் தள்ளும், உருளை நீண்டு காரைத் தூக்கும். வால்வைத் திறந்தால் காரின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடும், கார் பெருமூச்சுவிட்டு உட்காரும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்விட்ச் இருந்தால் ஒரு காலைத் தூக்கி மூன்று காலில்கூட நிற்கலாம். பேட்டரிகளைத் தொடராக இணைத்து மின்னழுத்தத்தைக் கூட்டினால் முன்சக்கரங்கள் துள்ளிக் குதிக்கும். பிற்காலத்தில் அதுவே போட்டியானது. அந்தக் குதியாட்டத்தில் எனக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை. வீடியோவில் பார்த்த அந்தச் சிக்னல் கும்பிடுதான் அழகு.

எல்லாக் காரும் இதற்குத் தோதுப்படாது. இவர்களுக்கு உயிரான கார் செவ்ரோலே இம்பாலா, குறிப்பாக 1958 முதல் 1964 வரை வந்தவை. அவற்றின் சட்டகம் எக்ஸ் எழுத்து வடிவில், நடுவில் குறுகி இருக்கும். ஓரத்தில் தடித்த இரும்புக் கம்பங்கள் கிடையாது. பக்கவாட்டு மோதலில் பாதுகாப்புக் குறைவு என்று அந்தச் சட்டகத்துக்குக் கெட்ட பெயர் உண்டு. ஆனால் காரைத் தாழ்த்துவதற்கும் உருளைகளைப் பொருத்துவதற்கும் அதுவே வசதியாகிப்போனது. நீளமான தட்டையான உடம்பு, பெயின்டருக்கு நல்ல சுவர் மாதிரி. தவிர, லட்சக்கணக்கில் விற்ற கார் என்பதால் சில வருடம் கழித்து மலிவாகக் கிடைத்தது. அழகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு விலைப்பட்டியலும் இருக்கும்.

இனி பெயின்ட். அந்த நாவல்பழ நிறத்துக்குக் கேண்டி என்று பெயர். அங்கே திருவிழாக்களில் ஆப்பிளைக் குச்சியில் குத்திச் சிவப்புச் சர்க்கரைப் பாகில் முக்கி விற்பார்கள். பாகுக்குள் ஆப்பிள் தெரியும். அதே தோற்றம் காரில். 1950களில் ஜோ பெய்லன் என்ற கலிபோர்னியா கைவினைஞர், பலமுறை முயன்று இந்தச் சிவப்பைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றார்.

சாதாரண பெயின்ட் சுவர் மாதிரி. வெளிச்சம் அதன் மேல்பட்டுத் திரும்பும். கேண்டி வண்ணக் கண்ணாடி மாதிரி. முதலில் டிங்கரிங் முடித்து, பட்டி வைத்து, தேய்த்துத் தேய்த்து உடம்பைக் கண்ணாடிபோல் ஆக்க வேண்டும். அதன் மேல் வெள்ளியோ தங்கமோ நிறத்தில் உலோகப் பொடி கலந்த அடிப்பூச்சு. அதற்கு மேல் ஒளி ஊடுருவும் வண்ணப்பூச்சு, பல தடவை. வெளிச்சம் வண்ணத்துக்குள் நுழைந்து, அடியில் உள்ள வெள்ளியில் பட்டு, மறுபடி வண்ணத்தைக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது. அந்த ஆழம் அப்படித்தான் கிடைக்கிறது. கடைசியில் நிறமற்ற பூச்சு, தண்ணீர் ஊற்றி மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பு, பாலிஷ்.

இதில் சோதனை என்னவென்றால், ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் அடர்த்தியாகிக்கொண்டே போகும். ஒரு கதவில் ஆறு பூச்சு, அடுத்த கதவில் ஏழு என்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். துப்பாக்கியைப் பிடிக்கும் கை (பெயின்ட் அடிக்கும் துப்பாக்கிதான், பயப்படாதீர்கள்) ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் கடைசி வரை போக வேண்டும். ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியாது, பெரும்பாலும் அந்தப் பாகம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். அப்படிப்பட்ட பெயின்டை அடித்துத்தான் ரோட்டை உரசுகிற உயரத்தில் ஓட்டினார்கள்!

இந்தக் கலையின் உச்சம் என்று எல்லோரும் சொல்வது 'ஜிப்சி ரோஸ்' என்ற கார். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் இம்பீரியல்ஸ் கார் கிளப்பைச் சேர்ந்த ஜெஸ்ஸி வலாதெஸ் என்பவருடையது. முதலில் அவரிடம் 1963ஆம் வருடத்து இம்பாலா இருந்தது. இளஞ்சிவப்பு, மேலே ரோஜாக்கள். அந்தக் கார் தாக்குதலில் அடித்து நொறுக்கப்பட்டது. மனுஷர் விடவில்லை. 1964ஆம் வருடத்து இம்பாலா ஒன்றை எடுத்து, வால்ட் பிரே என்ற ஓவியரைக் கொண்டு மறுபடி தொடங்கினார். இளஞ்சிவப்பின் அத்தனை சாயல்களிலும் அடுக்கடுக்கான வடிவங்கள், உடம்பெங்கும் கையால் வரைந்த ரோஜாக்கள். உள்ளே இளஞ்சிவப்பு வெல்வெட் இருக்கைகள், தொங்குவிளக்குகூட உண்டு. எங்கள் காலத்துக் கல்யாண மேடைகள் நினைவுக்கு வந்தன.

முரட்டு ஆண்கள் நிறைந்த தெருவில், ஓர் ஆண் தன் பெருமையெல்லாம் இளஞ்சிவப்பு ரோஜாவில் இருக்கிறது என்று தயங்காமல் காட்டியிருக்கிறார். இதை யோசித்துக்கொண்டே இருந்தேன். 1974இல் தொடங்கிய 'சிகோ அண்ட் தி மேன்' என்ற தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் இந்தக் கார் வந்தது, அமெரிக்கா முழுவதும் பார்த்தது. அடுத்த வருடமே வார் என்ற இசைக்குழுவின் 'லோ ரைடர்' பாட்டு பெரிய வெற்றி பெற்றது. 1977இல் சான் ஹோசே நகரில் மூன்று இளைஞர்கள் 'லோரைடர்' என்ற பத்திரிகையே தொடங்கினார்கள். அந்தப் பத்திரிகை பிற்காலத்தில் அட்டையில் அரைகுறை உடையில் பெண்களை நிறுத்தி விற்பனையைப் பெருக்கியது. காருக்குக் கொடுத்த மரியாதையைப் பெண்களுக்கும் கொடுத்திருக்கலாம். நான் டீச்சர், இதைச் சொல்லாமல் போக முடியாது. இன்று பெண்களே நடத்தும் லோரைடர் கிளப்புகள் இருக்கின்றன என்பது ஆறுதல்.

புகழ் ஒருபக்கம் வளர, தெரு ஒருபக்கம் மூடப்பட்டது. விட்டியர் பூலவார்டு வெறும் கார் உலா வீதி அல்ல. 1970 ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போரை எதிர்த்து மெக்சிகோ அமெரிக்கர்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனது அந்த வீதியில்தான். போலீஸ் கலைத்தது. ரூபன் சலசார் என்ற பத்திரிகையாளர் அந்த வீதியில் ஒரு மதுக்கடைக்குள் உட்கார்ந்திருந்தபோது, காவலர் உள்ளே சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இறந்தார். அதன் பிறகு அந்த வீதியில் கூட்டம் கூடினாலே அதிகாரிகளுக்குச் சந்தேகம். 1970களின் கடைசியில் வார இறுதி இரவுகளில் தடுப்புகள் வைத்து உலாவை நிறுத்தினார்கள்.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். வீதி அடைத்துக்கொண்டது உண்மை. சண்டைகள் நடந்ததும் உண்மை, கத்தியும் துப்பாக்கியும் வந்ததும் உண்மை. ஆம்புலன்ஸ் போக வழியில்லை, வாடிக்கையாளர் வரவில்லை என்று குடியிருந்தவர்களும் கடைக்காரர்களும் புகார் சொன்னார்கள். அதை நான் மறுக்கவில்லை. சண்டை போட்டவனைப் பிடிப்பதும் சுற்றி வந்தவனைப் பிடிப்பதும் வேறு வேறு என்பதுதான் என் கட்சி. 1982இல் கலிபோர்னியா சட்டம் அந்தந்த ஊரே உலாவைத் தடை செய்யலாம் என்று அதிகாரம் கொடுத்தது. ஓர் இடத்தைக் குறித்த நேரத்துக்குள் மீண்டும் மீண்டும் கடந்தால் அது 'உலா', அது குற்றம். சான் டியேகோ பக்கத்து நேஷனல் சிட்டி 1992இல் இந்தத் தடையைக் கொண்டுவந்தது. 1990களில் பாட்டு வீடியோக்களில் ரவுடிக் கும்பல்களோடு சேர்த்தே இந்தக் கார்கள் காட்டப்பட்டதால், பெயர் இன்னும் கெட்டது.

கிளப்புகளோ வேறு மாதிரி இயங்கின. லாஸ் ஏஞ்சலிஸின் டியூக்ஸ் என்ற கிளப் 1962இல் ருவேலாஸ் சகோதரர்கள் தொடங்கியது. கிளப் பலகையைப் பின்கண்ணாடியில் வைக்க வேண்டுமானால் காரும் ஒழுங்காக இருக்க வேண்டும், ஆளும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஏழைக் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் பொம்மை சேகரிப்பது, செசார் சாவெஸின் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு நிதி திரட்டுவது என்று கார் கிளப்புகள் செய்த வேலைகள் பல.

நியூ மெக்சிகோவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே சிமாயோ என்றொரு சிற்றூர். நெசவுக்குப் பேர்போனது. அங்குள்ள சிறு தேவாலயத்தின் மண்ணைப் புனிதமாகக் கருதி, புனித வாரத்தில் மக்கள் பாதயாத்திரையாக நடந்து வருவார்கள். அந்தப் பகுதியின் லோரைடர்களில் மாதாவும் இயேசுவும் ஓவியமாக இருப்பார்கள். நம் லாரிகளில் முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் இருப்பதைப்போலத்தான். சிமாயோவைச் சேர்ந்த டேவிட் ஹரமியோ என்பவர் 1969ஆம் வருடத்து ஃபோர்டு எல்டிடி ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக லோரைடராக மாற்றிக்கொண்டிருந்தார். வேலை முடியும் முன்பே, 1978இல் கார் விபத்தில் இறந்துபோனார். மனைவியும் உறவினர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அவர் விட்ட இடத்திலிருந்து அந்தக் காரை முடித்தார்கள். 'டேவின் கனவு' என்று அதற்குப் பெயர். 1990இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் அதை வாங்கிக்கொண்டது. விதவையான ஒரு பெண், கணவனின் பாதி முடிந்த காரை விற்றுக் காசாக்காமல் முடித்து வைத்தாள். இதைப் படித்த இரவு நான் வேறு எதுவும் படிக்கவில்லை.

ஜிப்சி ரோஸும் வாஷிங்டன் போனது. 2017 ஏப்ரலில், நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்க்கும் பெரிய புல்வெளியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்தார்கள், தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். ஜெஸ்ஸி வலாதெஸ் அதைப் பார்க்கவில்லை. 2011இலேயே காலமாகிவிட்டார். அருங்காட்சியகத்தில் பெருமையாக நிற்கிற ஒரு காரைப்போல இன்னொன்றைச் செய்து கலிபோர்னியா ரோட்டில் ஓட்டினால் அன்றும் அபராதம்தான்!

முடிவு சமீபத்தில்தான் வந்தது. சான் ஹோசேயும் சாக்ரமென்டோவும் 2022இல் உலாத் தடையை நீக்கின. நேஷனல் சிட்டி 2023இல் நீக்கியது. அதே வருடம் அக்டோபரில் ஏபி 436 என்ற மசோதாவில் ஆளுநர் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் எந்த ஊரும் உலாவைத் தடை செய்ய முடியாது, தாழ்ந்த பயணிகள் கார் என்பதற்காக அபராதமும் போட முடியாது. ரான் அகிரே எண்ணெய் உருளை பொருத்தி 60 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம் மாணவர் அனுப்பிய வீடியோவில் பின்னால் ஒரு போலீஸ் வண்டி நிற்கிறது. முதல் தடவை பார்த்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

(இதைப் படித்துவிட்டு உங்கள் வண்டியின் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. நம் ஊர் வேகத்தடையே போதும், வயிற்றைக் கிழித்துவிடும்.)

பேத்தியிடம் இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது ஒரு கேள்வி கேட்டாள். "பாட்டி, உங்க ஸ்கூல்ல யாராச்சும் இப்படி வண்டிய அலங்காரம் பண்ணினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. 1993 அல்லது 94. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சைக்கிளில் வருவான். சக்கரக் கம்பிகளில் கலர் மணிகள், ஹேண்டிலில் குஞ்சம், மட்கார்டில் ரோஜாப்பூ வரைந்து அவனே பெயின்ட் அடித்திருந்தான். அவன் பள்ளிக்குள் நுழைந்தால் மணிகள் உருளும் சத்தத்தில் வகுப்பே திரும்பிப் பார்க்கும். எனக்கு எரிச்சல். "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு இந்தப் பகட்டு? எல்லாத்தையும் கழட்டிட்டு வகுப்புக்கு வா" என்று வெளியே அனுப்பினேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகக் கழற்றினான். ரோஜாவைக் கல்லால் சுரண்டினான். மற்ற பையன்கள் சன்னல் வழியே பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்காதீர்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கடையில் வேலை செய்து சேர்த்த காசில் வாங்கிய மணிகள் அவை என்று அவன் அம்மா பின்னால் ஒருநாள் சொன்னார். பத்தாம் வகுப்புக்கு முன்பே படிப்பை நிறுத்திவிட்டான். நான் காரணமா, வீட்டு நிலைமை காரணமா என்று இன்று சொல்லத் தெரியவில்லை.

பேத்தி ஒன்றும் சொல்லாமல் வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள்.

பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வருடத்துப் பிள்ளைகளுக்கு யார் என்று தெரியும். திருப்பூர்ப் பக்கம் பெயின்டிங் பட்டறை வைத்திருப்பதாக ஒருமுறை கேள்விப்பட்டேன். அவன் நம்பர் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். இந்தக் கார்ப் படங்களை அவனுக்கு அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்